கராச்சாய் ஏரியை மூடியாகிவிட்டது என்றால் என்ன பொருள்?

ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியில் இருந்த கராச்சாய் ஏரியைப் பற்றி மூன்று செய்திகள் இணையத்தில் திரும்பத் திரும்ப வலம் வருகின்றன.

1. அதன் கரையில் ஒரு மணி நேரம் நின்றால் உயிர் போய்விடும்.
2. அதிலுள்ள கதிரியக்கம் செர்னோபிலைவிட இரண்டரை மடங்கு. சிலர் நாற்பது மடங்கு என்பார்கள்.
3. 2015இல் கல்லும் கான்கிரீட்டும் போட்டு மூடிவிட்டார்கள், பிரச்சினை தீர்ந்தது.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தண்ணீரே இல்லாத ஏரியின் கரையில் யார் நிற்பது? ஒரே ஏரிக்கு இரண்டரையும் நாற்பதும் எப்படிப் பொருந்தும்? மூடிவிட்டார்கள் என்றால், சுற்றிலும் கிணறு தோண்டி இன்னும் எதை அளந்துகொண்டிருக்கிறார்கள்? விடை வேண்டுமானால் அந்த ஏரிக்குள் என்ன போனது, ஏன் போனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எந்த ஆலை, எந்த ஏரி

செல்யாபின்ஸ்க் மாகாணத்தில் ஓசியோர்ஸ்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. சோவியத் காலத்தில் அது வரைபடத்தில் கிடையாது. செல்யாபின்ஸ்க்-40 என்ற தபால் எண்தான் அதற்குப் பெயர். அணுகுண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தைத் தயாரிக்கும் மாயக் ஆலைக்காகக் கட்டிய ஊர் அது. முதல் அணு உலை 1948 ஜூனில் ஓடத் தொடங்கியது. 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் ஒன்றியம் தன் முதல் குண்டை வெடித்துக் காட்டியது. இடையில் 14 மாதம்தான். அந்த அவசரத்தில் உற்பத்திக்கு எல்லாம் யோசித்தார்கள், கழிவுக்கு யோசிக்கவில்லை. அதன் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தப் பகுதி முழுக்க ஏரிகள். அவற்றில் ஒன்றான கிசில்தாஷ் ஏரியின் தண்ணீர் உலைகளைக் குளிர்விக்கப் பயன்பட்டது. கராச்சாய் மிகச் சிறியது. பரப்பு ஏறத்தாழ அரை சதுர கிலோமீட்டர், ஆழமும் அதிகமில்லை, சதுப்பு நிலம் சூழ்ந்தது. அதிலிருந்து எந்த ஓடையும் வெளியே போகவில்லை. இந்த ஒரு குணத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

## புளூட்டோனியம் எடுத்தால் மிஞ்சுவது என்ன

வேலை இப்படி நடக்கும்:

1. யுரேனியத்தை உலையில் வைத்தால் அதில் கொஞ்சம் புளூட்டோனியமாக மாறும். கூடவே சில அணுக்கள் பிளந்து சீசியம், ஸ்ட்ரான்சியம், ருத்தேனியம் போன்ற துண்டுகளாகும்.
2. வெளியே எடுத்த யுரேனியத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள்.
3. கரைசலிலிருந்து புளூட்டோனியத்தையும் மிச்ச யுரேனியத்தையும் ரசாயன முறையில் பிரிப்பார்கள்.
4. மீதி அத்தனையும் கழிவு.

ஒரு டன் யுரேனியத்தைக் கரைத்தால் கிடைக்கும் புளூட்டோனியம் கிராம் கணக்கில்தான் இருக்கும். கழிவோ கன மீட்டர் கணக்கில். அந்தக் கழிவில் இரண்டு வகைப் பொருள்கள் கலந்திருந்தன. ஒன்று, கதிரியக்கத் துண்டுகள். மற்றது, சோடியம் நைட்ரேட், அசிட்டேட் போன்ற சாதாரணத் தொழிற்சாலை உப்புகள். கராச்சாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் வகையை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். நிலத்தடியில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்த உப்புகள்தான் சாவி. அதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். கதிரியக்கப் பொருளில் பாதி அழிய ஆகும் காலம் அரை ஆயுள். சீசியம்-137க்கு அது சுமார் 30 ஆண்டு, ஸ்ட்ரான்சியம்-90க்குச் சுமார் 29 ஆண்டு. பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அதாவது இந்த இரண்டுக்கும் ஏறத்தாழ 300 ஆண்டுகள் வேண்டும்.

## ஏரிக்கு முன்னால் ஆறு

முதலில் கழிவு போனது ஏரிக்கு இல்லை, தேச்சா என்ற சிற்றாற்றுக்கு. 1949 முதல் 1956 வரை சுமார் 7.6 கோடி கன மீட்டர் கழிவுநீரும், அதோடு ஏறத்தாழ 27.5 லட்சம் கியூரி கதிரியக்கமும் ஆற்றில் கலந்தன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதில் பெரும்பகுதி 1950 மார்ச்சுக்கும் 1951 நவம்பருக்கும் இடையில் போனது.

ஆற்றங்கரையில் இருந்தவை ரஷ்யர், தாத்தார், பாஷ்கிர் மக்களின் கிராமங்கள். பலர் குடிக்க எடுத்ததே ஆற்றுத் தண்ணீர். மாடுகள் மேய்ந்தது ஆற்றோரப் புல்வெளியில். வெள்ளம் வடிந்ததும் அந்த வண்டலில்தான் காய்கறி போட்டார்கள். ஆலையிலிருந்து வெறும் 7 கிலோமீட்டர் தள்ளி இருந்தது மெத்லினோ கிராமம். 1951 கோடையில் நிபுணர்கள் அங்கே அளவெடுக்க வந்தார்கள். அந்த ஊரை முழுக்கக் காலி செய்ததோ 1956இல்தான். ஆற்றோரம் முள்வேலி போட்டார்கள், காவலாளிகளை நிறுத்தினார்கள். எதற்கு வேலி என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. மருத்துவர்கள் கதிர்வீச்சு நோய் என்று குறிப்பேட்டில் எழுதக்கூடாது. வேறு பெயரில்தான் எழுத வேண்டியிருந்தது. ஒரு தாய் தன் குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் என்ன இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பல ஆண்டுகள் இந்த நிலையிலேயே ஓடின.

ஸ்ட்ரான்சியம் ரசாயன குணத்தில் கால்சியம் மாதிரி. உடம்பு அதைக் கால்சியம் என்றே எடுத்துக்கொண்டு எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவைக்கும். 1950 வாக்கில் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளின் பற்களிலும் எலும்புகளிலும் அதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அளக்க முடிந்தது. எலும்புக்குள்தான் ரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜை இருக்கிறது. ஆகவே ரத்தப் புற்றுநோய் ஆபத்து அதிகம். தேச்சா கிராமத்தவர் சுமார் 30,000 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு, அவர்களிடம் ரத்தப் புற்றும் மற்றப் புற்றுநோய்களும் வாங்கிய கதிர்வீச்சின் அளவோடு சேர்ந்து கூடியதைக் காட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட காலம் வாங்கும் கதிர்வீச்சு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முக்கியமான ஆதாரங்களில் இது ஒன்று. அது அந்த மக்கள் விரும்பிக் கொடுத்த ஆதாரம் இல்லை.

## அப்புறம் ஏன் கராச்சாய்

ஆற்றின் நிலைமை தெரிந்ததும் 1951இல் கழிவைக் கராச்சாய்க்குத் திருப்பினார்கள். ஆற்றில் விட்டால் இசெத், தபோல், இர்த்திஷ், ஓப் என்று ஆர்க்டிக் கடல்வரை போகும். வெளியேறும் வழியே இல்லாத ஏரியில் விட்டால் அங்கேயே கிடக்கும். நினைப்பு இதுதான். தேச்சாவோடு ஒப்பிட்டால் அது மேல் என்றும் சொல்லலாம், ஏனென்றால் கராச்சாய்க் கரையில் யாரும் குடியிருக்கவில்லை.

1953 முதல் மிக வீரியமான கழிவைக் குளிர்விக்கும் வசதியுள்ள எஃகுத் தொட்டிகளில் அடைத்தார்கள். நடுத்தர வீரியமுள்ளது தொடர்ந்து ஏரிக்கே வந்தது. அந்தத் தொட்டிகளில் ஒன்று 1957 செப்டம்பர் 29 அன்று வெடித்தது. குளிர்விப்பு நின்றுபோய், உள்ளே நைட்ரேட், அசிட்டேட் உப்புகள் காய்ந்து, வெடிமருந்துபோல் ஆகிவிட்டன. சுமார் 2 கோடி கியூரி வெளியேறியது. அதில் பத்தில் ஒரு பங்கு காற்றில் எழுந்து வடகிழக்கே நீண்ட பட்டையாகப் படிந்தது. கிஷ்திம் விபத்து என்று அழைக்கப்படுவது இதுதான். சோவியத் அரசு இதை 1989இல்தான் ஒப்புக்கொண்டது. பலர் இந்த விபத்தையும் கராச்சாயையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆலை ஒன்று, சம்பவங்கள் வேறு.

## கியூரி வேறு, சீவர்ட் வேறு

இனி அந்த மூன்று செய்திகளில் முதல் இரண்டுக்கு வரலாம். இரண்டிலும் குழப்பம் அலகுகளால் வருகிறது.

கியூரி என்பது ஓர் இடத்தில் எவ்வளவு கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்பதற்கான கணக்கு. நொடிக்கு 3,700 கோடி அணுச் சிதைவுகள் நடந்தால் அது ஒரு கியூரி. சீவர்ட் என்பது அந்தக் கதிர்வீச்சால் ஒரு மனித உடம்புக்கு எவ்வளவு சேதம் என்பதற்கான கணக்கு. பெரும் கியூரி கொண்ட பொருளை ஈயத்தாலும் கான்கிரீட்டாலும் போர்த்திவைத்தால் பக்கத்தில் நிற்பவர் வாங்கும் சீவர்ட் மிகக் குறைவாக இருக்கும். ஒரு துளி ஸ்ட்ரான்சியம் பாலோடு வயிற்றுக்குள் போனால் ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்தே வாங்க வேண்டியிருக்கும். ஆகவே ஓர் எண்ணைக் கேட்டதும் அது இருப்பைச் சொல்கிறதா, சேதத்தைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு மணி நேர மரணம். 1990 வாக்கில் கராச்சாய்க் கரையில் கழிவுக் குழாய் வந்து விழும் இடத்துக்கு அருகே மணிக்கு 600 ராண்ட்ஜென் (கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு) என்று அளவு பதிவானது. உடம்பு வாங்குவதாக மாற்றினால் ஏறத்தாழ 5 முதல் 6 சீவர்ட். உலகில் சராசரி மனிதர் இயற்கையிலிருந்து ஓர் ஆண்டில் வாங்குவது 2.4 மில்லி சீவர்ட்தான். அதாவது அங்கே ஒரு மணி நேரம் என்பது 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இயற்கைக் கதிர்வீச்சை ஒரே மூச்சில் வாங்குவது. சிகிச்சை இல்லாவிட்டால் 4 சீவர்ட் வாக்கிலேயே பாதிப்பேர் சில வாரங்களில் இறந்துவிடுவார்கள். ஆகவே செய்தி உண்மை. ஆனால் அது அன்றைய நிலை, அந்தக் குழாய் ஓரத்து நிலை. இன்று அதே இடம் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் இருக்கிறது.

இரண்டரையா, நாற்பதா? கராச்சாயில் சேர்ந்திருந்தது சுமார் 12 கோடி கியூரி என்று மதிப்பிட்டார்கள். செர்னோபிலிலிருந்து மந்த வாயுக்கள் நீங்கலாக 5 கோடி கியூரி வெளியேறியது என்று 1986இல் சோவியத் அரசு சொன்னது. வகுத்தால் இரண்டரை. ஆனால் செர்னோபில் கணக்கில் பெரும்பகுதி அயோடின்-131 போன்ற, சில வாரங்களில் அழிந்துவிடும் பொருள்கள். கராச்சாயில் இருந்தவை நீண்டநாள் நிற்கும் சீசியமும் ஸ்ட்ரான்சியமும். சீசியம்-137ஐ மட்டும் எடுத்தால் செர்னோபிலில் வெளியேறியது சுமார் 23 லட்சம் கியூரி, கராச்சாயில் கிடந்தது சுமார் 9.7 கோடி கியூரி. வகுத்தால் நாற்பதைத் தாண்டும். இரண்டு கணக்கும் சரி, கேள்விதான் வேறு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செர்னோபில் கழிவு கண்டம் முழுக்கப் பரவியது. கராச்சாய்க் கழிவு ஒரு சின்ன ஏரிக்குள் கிடந்தது. ஆகவே 'நாற்பது செர்னோபில்' என்பதைப் பாதிப்பின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏரி தன் சரக்கை வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கான அளவு அது. ஒருமுறை கொஞ்சம் விட்டது.

## 1967

1960களின் நடுவில் அந்தப் பகுதியில் மழையும் பனியும் குறைந்தன. சிறிய, ஆழமில்லாத ஏரி வேகமாக வற்றியது. பதினைந்து ஆண்டுகளாகச் சீசியம் படிந்த கரையோரச் சேறு வெளியே தெரிந்து, காய்ந்து, பொடியானது. 1967 ஏப்ரல், மே மாதங்களில் பலத்த காற்று அடித்தது. அந்தப் புழுதி பல பத்து கிலோமீட்டர் தூரம் போய் விழுந்தது. பரவிய கதிரியக்கம் சுமார் 600 கியூரி. அது விழுந்த நிலப்பரப்பில் ஏறத்தாழ 40,000 பேர் வசித்தார்கள். அதில் ஒரு பகுதி 1957 வெடிப்பில் ஏற்கெனவே மாசுபட்ட மண்.

பின்னாளில் கணக்கிட்ட 12 கோடி கியூரியோடு இந்த 600ஐ ஒப்பிட்டால் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவுக்கே அத்தனை ஊர்கள்.

வெளியேறும் வழியில்லாத ஏரி பாதுகாப்பானது என்ற நினைப்பு இங்கேதான் உடைந்தது. தண்ணீர் ஒரு நல்ல கேடயம். சீசியத்தின் கதிர்களை ஒரு மீட்டர் தண்ணீர் நூறு மடங்குக்கு மேல் குறைத்துவிடும். சேற்றை ஈரமாக வைத்திருப்பதால் புழுதியும் எழாது. ஆனால் தண்ணீர் வற்றும். வற்றாமல் நிரப்பி வைத்தால் அதன் அழுத்தமே கழிவை நிலத்துக்குள் தள்ளும். குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் ஆபத்து. தொட்டியை எப்படியும் கட்டுப்படுத்தலாம். ஏரி மழைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் கீழே உள்ள பாறைக்கும் கட்டுப்பட்டது. அதைக் குப்பைத் தொட்டியாக நடத்தியதுதான் அடிப்படைத் தவறு என்பது என் கருத்து. 1967 அதன் முதல் வெளிப்படையான சாட்சி.

## மூடிய விதம்

1967க்குப் பிறகு முதலில் கரையோரங்களை மண்ணால் மூடினார்கள். 1978 முதல் 1986 வரை ஏறத்தாழ 10,000 கான்கிரீட் பெட்டிகளை ஏரிக்குள் இறக்கினார்கள். இந்தப் பெட்டிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

ஏரியின் அடியில் கிடப்பது குழம்பு மாதிரியான சேறு, சீசியத்தில் பெரும்பகுதி அதில்தான். அதன் மேல் நேராகக் கல்லைக் கொட்டினால், சேற்றில் காலை வைத்ததும் விரலிடுக்கில் பிதுங்குவதுபோல அது பக்கவாட்டில் பிதுங்கிக் கரைக்கு வந்துவிடும். ஆகவே பெட்டிகளை உள்ளீடற்றதாக, அடிப்பக்கம் திறந்ததாகச் செய்தார்கள். அது தன் எடையில் இறங்கும்போது சேறு பக்கவாட்டில் போகாமல் பெட்டிக்குள்ளேயே ஏறி அடைபடும். மேலே பாறை, மண். இறக்கியவர்கள் ஈயம் போர்த்திய வண்டிகளில், நிமிடக் கணக்கில் நேரம் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

1990களின் தொடக்கத்தில் திறந்த நீர்ப்பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டது. ஆலையின் நடுத்தரக் கழிவுக்கு வேறு இடமில்லாததால் அதன் பிறகும் மிச்ச ஏரி பயன்பட்டது. கடைசி நீர்ப்பரப்பு 2015 நவம்பர் 26 அன்று மூடப்பட்டது. அதன் மேல் பிறகு கூடுதல் மண் அடுக்குகள் போடப்பட்டன.

## கீழே போனது

மேலே மூடியதால் காற்று வழியாகப் பரவும் ஆபத்து பெரிய அளவில் குறைந்தது. மழைநீர் நேராக உள்ளே இறங்குவதும் குறைந்தது. இவை உண்மையான பலன்கள். ஆனால் 1951 முதலே ஏரிக்கு அடியிலும் ஒரு கதவு திறந்தே இருந்தது. அடியில் இருப்பது விரிசல் விட்ட எரிமலைப் பாறை.

நைட்ரேட் உப்புகள் நிறைந்த கழிவுநீர் சாதாரணத் தண்ணீரைவிடக் கனமானது. அதனால் அது நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல் விரிசல்கள் வழியே ஆழத்துக்கு மூழ்கியது, 100 மீட்டர் வாக்கில்வரை. அப்புறம் பக்கவாட்டில், முக்கியமாகத் தெற்கே மிஷெல்யாக் என்ற சிற்றாற்றின் பக்கம் நகரத் தொடங்கியது. வேகம் ஆண்டுக்கு 80 மீட்டர் வாக்கில் என்று ஒரு மதிப்பீடு உண்டு. பல கிலோமீட்டர் பரப்புக்கு நிலத்தடியில் ஒரு மாசுக் குவியல் உருவாகிவிட்டது.

குவியலில் உள்ள எல்லாம் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. இதுதான் மிகக் குறைவாகப் பேசப்படும் விஷயம்:

1. நைட்ரேட் எதிலும் ஒட்டாது. தண்ணீர் எங்கே போனாலும் அதே வேகத்தில் போகும். அதற்கு அரை ஆயுள் கிடையாது, தானாக அழியாது. நீர்த்துப்போனால்தான் உண்டு. ஆகவே கண்காணிப்புக் கிணற்றில் முதலில் தெரிவது அதுதான். குடிநீரில் நைட்ரேட் கூடினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். இதற்குக் கதிரியக்கமே தேவையில்லை.
2. ருத்தேனியம்-106, கோபால்ட்-60 இரண்டும் இந்தக் கழிவின் ரசாயனத்தில் பாறையில் அவ்வளவாக ஒட்டாத வடிவத்தில் இருந்தன. நைட்ரேட்டோடு கிட்டத்தட்டக் கூடவே போயின. நல்லவேளையாக முதலாவதன் அரை ஆயுள் ஓர் ஆண்டுதான், இரண்டாவதற்குச் சுமார் 5 ஆண்டு. போகிற வழியிலேயே பெரும்பகுதி அழிந்துவிடும்.
3. ஸ்ட்ரான்சியம்-90 பாறையிலும் மண்ணிலும் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். மெதுவாகத்தான் நகரும். ஆனால் நகரும். உப்பு மிகுந்த தண்ணீரில் மற்ற அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அது ஒட்டுவது இன்னும் குறையும். தொழிற்சாலை உப்பு கதிரியக்கப் பொருளுக்கு வழிவிடுகிறது என்பது இப்படித்தான்.
4. சீசியம்-137 களிமண்ணின் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே மாட்டிக்கொண்டால் எளிதில் வெளியே வராது. பெரும்பகுதி ஏரிச் சேற்றிலேயே நிற்க இதுதான் காரணம்.

இப்போது மூன்றாவது செய்தியைத் திருத்திச் சொல்லலாம். மூடியதால் சேறும் சீசியமும் இருந்த இடத்தில் கட்டுண்டன. ஏற்கெனவே நிலத்தடிக்குப் போனது மூடலால் திரும்பி வராது. அது பாறைக்குள் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. கிணறுகளில் அளப்பது அதைத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1990 வாக்கில் 12 கோடி கியூரி என்றால், அரை ஆயுள் கணக்குப்படி இன்று பாதிக்குச் சற்றுக் கீழே இருக்கும். யாரும் எதையும் செய்யாமலே குறைந்தது அது. ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 23ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காக்க வேண்டும். அதுவரை அந்தக் கல்மூடியில் மரம் வேர்விடாமல், யாரும் தோண்டாமல், கிணற்றுப் பதிவேடு விட்டுப்போகாமல் ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலை தொடங்கி இன்னும் 80 ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் அதைக் கட்டிய நாடே ஒருமுறை கலைந்துவிட்டது.

## தேச்சா இன்னும் முடியவில்லை

கராச்சாய் மூடப்பட்ட செய்தியில் தேச்சா மறந்துபோகிறது. ஆற்றின் மேற்பகுதியில் அணைகள் கட்டி, மாசுபட்ட தண்ணீரைப் பல நீர்த்தேக்கங்களில் தேக்கிவைத்திருக்கிறார்கள். அவற்றில் கடைசியானது மட்டும் 20 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும். மழை கூடினால் மட்டம் ஏறும், அணை தாங்குமா என்ற கேள்வி வரும்.

2001க்கும் 2004க்கும் இடையில் கோடிக்கணக்கான கன மீட்டர் கழிவுநீர் தேச்சாவுக்குள் விடப்பட்டதாக மாயக்கின் அப்போதைய தலைவர்மீது வழக்கு நடந்தது. 2006இல் பொதுமன்னிப்பின்கீழ் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ஆற்றங்கரை முஸ்லியுமோவோ கிராமத்தை இடம்பெயர்க்கும் வேலை 2000களின் நடுவில்தான் தொடங்கியது. புதுக் குடியிருப்புகளில் ஒன்றை அமைத்த இடம் பழைய ஊரிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. அரை நூற்றாண்டு காத்திருந்த மக்களுக்கு அது போதாது என்று ஒளிவில்லாமல் சொல்லலாம்.

இந்த மக்களுக்காக வழக்காடிய ஓசியோர்ஸ்க்காரர் நதேஷ்தா குத்தேபோவா நடத்திய அமைப்பை ரஷ்ய அரசு 2015இல் 'வெளிநாட்டு முகவர்' பட்டியலில் சேர்த்தது. அவர் அதே ஆண்டு பிரான்சுக்குப் போய்விட்டார். கராச்சாயின் கடைசித் தண்ணீர் மூடப்பட்டதும் அந்த ஆண்டில்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலத்தடியில் 300 ஆண்டு கண்காணிப்பு தேவைப்படும் இடத்தில், ஆலையைச் சாராத ஒருவர் அளந்து பார்க்க முடியுமா என்பது பொறியியலுக்கு இணையான கேள்வி. 2017 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் ஐரோப்பா முழுக்கக் காற்றில் ருத்தேனியம்-106 தெரிந்தபோது அதைக் கண்டுபிடித்துச் சொன்னவை பல நாட்டு நிலையங்கள். காற்றின் போக்கு தெற்கு யூரலைக் காட்டியது. மாயக் காரணமில்லை என்றே ரஷ்யா சொன்னது.

## நம் ஊருக்கு என்ன தொடர்பு

பயன்படுத்திய அணு எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியம் பிரிக்கும் வேலை கல்பாக்கத்திலும் நடக்கிறது. ரசாயன முறை மாயக்கின் ஆரம்பகால முறையைவிட வேறு. ஆனால் மிஞ்சுவது இதே குடும்பம்தான்: நைட்ரிக் அமிலக் கரைசலில் சீசியமும் ஸ்ட்ரான்சியமும். வேறுபாடு அதன் பிறகு வருகிறது. வீரியமான கழிவைத் தொட்டியில் வைத்துக் குளிர்வித்து, அப்புறம் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி, எஃகு உருளைகளில் அடைப்பதுதான் இந்தியாவின் முறை. கண்ணாடியில் சிக்கிய சீசியம் காற்றில் பறக்காது, தண்ணீரில் எளிதாகக் கரையாது. மாயக்கும் 1980களின் இறுதியில் கண்ணாடியாக்கும் உலையைத் தொடங்கியது. ஆகவே கல்பாக்கத்தைக் கராச்சாயோடு நேராக ஒப்பிடுவது சரியில்லை. ஆனால் எவ்வளவு கழிவு கண்ணாடியானது, எவ்வளவு இன்னும் திரவமாகத் தொட்டியில் இருக்கிறது என்று கேட்பது முழுக்க நியாயம். திரவமாக இருக்கும்வரைதான் 1957 போன்ற விபத்துக்கு இடம்.

## அடுத்த செய்தி வரும்போது பார்க்க வேண்டியவை

கராச்சாயைப் பற்றி இனி ஒரு செய்தியைப் படித்தால், அல்லது எந்த ஊர் ஏரியைப் பற்றியானாலும், இவற்றைத் தேடிப் பாருங்கள்.

1. கொடுத்த எண் இருப்பா, சேதமா? கியூரியா, சீவர்ட்டா? எந்த ஆண்டில், எந்த இடத்தில் எடுத்தது?
2. அளந்தது தண்ணீரையா, அடிச் சேற்றையா? தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதற்கும் ஏரி சுத்தமாகிவிட்டது என்பதற்கும் சம்பந்தமில்லை. சீசியம் சேற்றில்தான் இருக்கும்.
3. நிலத்தடிக் கிணறுகளின் நைட்ரேட் அளவு என்ன, அது ஆண்டுக்கு ஆண்டு எந்தத் திசையில் கூடுகிறது? கராச்சாயில் மிஷெல்யாக் பக்கத்துக் கிணறுகள்தான் இதைச் சொல்லும். நைட்ரேட் வந்துவிட்ட இடத்துக்கு, பின்னால் ஸ்ட்ரான்சியம் வர வழி இருக்கிறது.
4. ஆலையைச் சாராத யாராவது அளந்தார்களா?
5. தேச்சா நீர்த்தேக்கங்களின் மட்டம் என்ன? கராச்சாயில் கல் போட்டு நிரப்பியது போல அவற்றை நிரப்ப முடியாது, அவை அதைவிடப் பல மடங்கு பெரியவை.